கிணற்றுக்கு விட்ட மூச்சுக்குழாய்

என் மகள் இரண்டு வருடம் கழித்துப் பேசிய முதல் வார்த்தை என் காதில் விழவில்லை. தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த ஒரு பிளாஸ்டிக் குழாயின் காதில்தான் விழுந்தது. குழாய்க்கு ஏது காது என்று கேட்காதீர்கள். அந்த நாட்களில் எங்கள் நகரில் அந்தக் குழாய்க்கு மூச்சு இருந்தது, பேச்சும் இருந்தது. காது மட்டும் இல்லை என்று சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறவள். பாளையங்கோட்டையில் மூன்று தலைமுறையாக வாத்தியார் வேலை பார்க்கிற கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. பேய், பிசாசு, கண்ணேறு என்று யாராவது வாயெடுத்தாலே எங்கள் வீட்டில் முறைப்பார்கள். எனக்கு அந்த முறைப்பு மட்டும் அப்படியே வந்திருக்கிறது, கூடவே கொஞ்சம் கோபமும்.

என் கணவர் பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மகளுக்கு அப்போது நாலு வயது. அப்பா மஸ்கட்டுக்கு வேலைக்குப் போயிருக்காங்க என்று அவளிடம் சொன்னேன். அன்றைக்கு என் வாயில் வந்தது அதுதான். பிறகு பைய உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறந்தநாள் முடியட்டும், கிறிஸ்துமஸ் முடியட்டும், பள்ளிக்கூடம் திறக்கட்டும் என்று தள்ளித் தள்ளிப் போட்டுச் சொல்லாமலே விட்டுவிட்டேன். முதலில் அப்பா எப்போ வருவாங்க என்று கேட்டாள். கொஞ்ச நாளில் கேட்பதை நிறுத்தினாள். ஐந்து வயதில் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

தலையாட்டுவாள், விரல் நீட்டுவாள், வேண்டாததைத் தள்ளிவிடுவாள். வாயிலிருந்து ஒரு சத்தம் வராது. வண்ணார்பேட்டையில் இரண்டு டாக்டர்களிடம் காட்டினேன். காது சரி, நாக்கு சரி, அவளாகப் பேசுவாள், அவசரப்படுத்தாதீர்கள் என்றார்கள். அவசரப்படாமல் இருப்பதற்கு எனக்கு யாராவது மருந்து கொடுத்தால் நன்றாயிருந்திருக்கும். அவள் குரல் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துகொண்டிருந்தது. அவள் பேசவேண்டும், அவ்வளவுதான். அதைத் தவிர அந்த வருடங்களில் நான் வேறு எதற்காகவும் முழங்கால் போட்டதில்லை.

என் கணவர் அஸ்திவாரம் போட்டுவிட்டுப் போன வீட்டை நான் எப்படியோ முடித்து, திருச்செந்தூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வாய்க்காலை ஒட்டியிருக்கும் இந்தப் புது நகருக்குக் குடிவந்தோம். முன்னால் தோட்டமும் வயலுமாக இருந்த இடம். மனைப்பிரிவு வரைபடத்தில் நடுவே பச்சை மை தடவி ‘பூங்கா’ என்று எழுதியிருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் உடைமரக் காடு. பிள்ளைகளெல்லாம் ரோட்டில்தான் விளையாடின. ஒருநாள் சரக்கு ஆட்டோ ஒன்று திரும்பும்போது ஒரு பிள்ளையை உரசிவிட்டுப் போனது. சிராய்ப்புதான், ஆனால் அன்று சாயங்காலமே நகரில் எல்லோரும் தெருவில் கூடி, பூங்கா இடத்தை நாமே வெட்டித் திருத்துவது என்று முடிவு செய்தோம்.

எங்களுக்குத் தலைவர் என்று யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி தானாகவே ஆகிவிட்டார். எந்தக் கூட்டத்திலும் முதல் நாற்காலியில் உட்காருகிறவர் அவர்தான். சவுதியில் இருபது வருடம் வெல்டிங் வேலை பார்த்துத் திரும்பிய பாய், ஊஞ்சலும் சறுக்கும் ராட்டினமும் நானே அடிச்சுத் தாரேன் என்றார். அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள், இரண்டும் வால். சனி ஞாயிறுகளில் வீட்டுக்கு ஒருவர் அரிவாளோடு வந்து உடைமரத்தை வெட்டினோம். முள் குத்தாத கை நகரிலேயே இல்லை. அண்ணாச்சியின் வீட்டிலிருந்து தூக்குவாளியில் உடன்குடிக் கருப்பட்டி போட்ட காப்பி வரும். அதைக் குடிப்பதற்காகவே சிலர் வந்தார்கள், பாதகமில்லை, வந்தவர்கள் வெட்டினார்கள்.

மூன்றாவது வாரம் காட்டின் நடுவே வெட்டிக்கொண்டு போனபோது மரம் திடீரென்று முடிந்துவிட்டது. உள்ளே வட்டமாக ஒரு வெளி. பதினைந்தடி அகலம் இருக்கும். அதற்குள் ஒரு முள்செடிகூட இல்லை, சுற்றிலும் காய்ந்து கிடந்த அந்தக் கோடையில் அங்கே மட்டும் புல் பச்சையாக இருந்தது. வட்டத்தின் ஓரத்தில் நாலு இஞ்சுக் குழாய் ஒன்று நட்டமாக நின்றது. வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கையை நிறுத்தினோம். ஏன் நிறுத்தினோம் என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

“மூச்சுக்குழாய் டீச்சர் இது. இங்கன தோட்டக் கிணறு இருந்திருக்கு. கிணத்த மூடுதவன் அது மூச்சு விட ஒரு குழாய வச்சிட்டுத்தான் மூடுவான். இல்லன்னா மூடுனவன் குடும்பத்துக்கு ஆகாது.”

நான் சிரித்துவிட்டேன்.

“என்ன டீச்சர் சிரிக்கீய. நீங்க செபம் பண்ணுதீய, பாய் ஓதுதாரு, நான் திருநீறு பூசுதேன். கிணறு பாட்டுக்கு மூச்சு விட்டுட்டுப் போகட்டுமே.”

பாய்தான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். “கிணறுன்னா ஒழுங்கா நெரப்பியிருக்கானா அண்ணாச்சி? நடுவுல ராட்டினம் வைக்கணுமே.”

“மூச்சுக்குழாய் வைக்கத் தெரிஞ்சவன் முறை தெரிஞ்சவன். அவனா நெரப்பாம விட்டிருப்பான்?”

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கும்தான். குழாயைப் பார்த்துச் சிரித்த அதே நான், குழாய் இருக்கிறதே என்று நம்பி அந்த வட்டத்தின் நடுவில் ராட்டினத்துக்கு அளவெடுக்கக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். வேர் இல்லை, கல் இல்லை, ராட்டினத்துக்கென்றே செய்து வைத்த இடம் மாதிரி இருந்தது. சிமெண்ட் பீடம் போட்டு பாய் ராட்டினத்தை நட்டார். பிள்ளைகள் தடுக்கி விழாமல் இருக்கக் குழாய்க்கு மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்தோம்.

விளையாட்டுத் திடல் திறந்த அன்று பாயாசம் வைத்தோம். சறுக்கில் நாலு தடவை, ஊஞ்சலில் பத்து நிமிடம், ராட்டினத்தில் ஒரு சண்டை. அதற்குப் பிறகு பிள்ளைகள் அத்தனை பேரும் குழாயைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

அது மூச்சு விடுகிறது என்று கண்டுபிடித்ததும் அவர்கள்தான். உச்சி வேளையில் அதன் வாயில் ஒரு வேப்பிலையை வைத்தால் இலை மெல்ல எழும்பிக் கீழே விழும். சாயங்காலம் அதே இலையை வைத்தால் ஒட்டிக்கொள்ளும், கையை எடுத்தால் உள்ளே போய்விடும். காற்றழுத்தம் ஏறும்போது காற்று உள்ளே போகிறது, இறங்கும்போது வெளியே வருகிறது என்று நான் அவர்களை உட்காரவைத்து விளக்கினேன். ஒருவரும் கேட்கவில்லை. நானும் நான் சொன்னதைக் கேட்கவில்லை. மண் நிரம்பிய கிணற்றுக்குள் அவ்வளவு காற்று எங்கே போய் நிற்கும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும்.

ராட்டினம் வேகமாகச் சுற்றினால் குழாய் ரீங்காரம் இடும். ராட்டினம் நின்ற பிறகும் அந்தச் சத்தம் உடனே நிற்காது. கொஞ்சம் நீளும். பிள்ளைகள் அந்தக் கொஞ்சத்துக்காகவே வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். முப்பது பிள்ளைகள் நிற்கிற திடலில் அப்படி ஒரு அமைதி வருவது நன்றாக இருக்காது. தாய்மார்கள் அப்போதுதான் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிப்பார்கள். உச்சி வேளையில் அங்கே பிள்ளைகளை அனுப்புவது பிறகு நின்றேபோனது. யாரோ ஒருவர் குழாயடியில் செம்பருத்தியும் ஊதுபத்தியும் வைக்கத் தொடங்கினார். நான் இரண்டு தடவை எடுத்து எறிந்தேன். மூன்றாவது தடவை எறியவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் குழம்பை இறக்கிவிட்டுத் திரும்பினால் மகளைக் காணோம். செருப்பும் இல்லை. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. வெயில் கண்ணைக் கூசவைத்தது. திடலுக்கு ஓடினேன். ஊஞ்சல்கள் அசையாமல் தொங்கின. அவள் குழாய் அருகே குத்தவைத்து, டம்ளரைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, வாயை அதில் வைத்திருந்தாள்.

பேசிக்கொண்டிருந்தாள்.

குரல் கரகரவென்று இருந்தது. ஐந்து வயதில் நான் கடைசியாகக் கேட்ட குரல் இல்லை அது. யாரோ ஒரு பெரிய பிள்ளையின் குரல்.

“அப்பா, உள்ள வேக்காடா இருக்கா?”

காதைத் திருப்பி வைத்துக் கேட்டாள். நான் பத்தடி தள்ளி நின்றேன். எனக்கும் கேட்டது. உள்ளிருந்து, கொஞ்சம் தாமதித்து, இருக்கா என்று வந்தது.

என் மகள் சிரித்தாள். “எனக்கும்தான்,” என்றாள். உள்ளிருந்தும் தான் என்றது. “சாப்ட்டாச்சா?” என்றாள். அதுவும் சாப்ட்டாச்சா என்று கேட்டது.

என் கணவருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அவள் எதைக் கேட்டாலும் அதையே அவளிடம் திருப்பிக் கேட்பார். தூங்கலையா என்று அவள் கேட்டால் தூங்கலையா என்பார். அவள் கோபப்பட்டு அவர் மூக்கைப் பிடித்துத் திருகுவாள், நான் அடுக்களையிலிருந்து சத்தம் போடுவேன். அந்த வெயிலில் நின்று அதை நினைத்துக்கொண்டேன். அதைவிட ஒன்று எனக்கு உறைத்தது. அவள் கேட்டது மஸ்கட்டில் வேக்காடா என்று இல்லை. உள்ளே வேக்காடா என்றுதான் கேட்டாள். அப்பாவை மண்ணுக்குள் வைத்துவிட்டோம் என்பது அவளுக்குத் தெரியும். எப்போதிலிருந்து தெரியும், யார் சொன்னது என்பது எனக்குத் தெரியாது. மூன்று வருடமாக நான் சொன்ன பொய்யை அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது. பயமாகவும் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, பொறாமையாகவும் இருந்தது. என்னிடம் பேசாதவள் குழாயிடம் பேசுகிறாளே.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு அவள் தூங்கினாள். நான் மூன்று மணிக்குத் தனியாகத் திடலுக்குப் போனேன். குழாயின் வாயிலிருந்து ஈரமான காற்று என் முகத்தில் பட்டது. பழைய மண்பானைக்குள் முகத்தை விட்டது மாதிரி ஒரு வாடை. சும்மா ஓ என்று கத்திப் பார்க்கத்தான் போனேன். ஆனால் வாயில் வந்தது வேறு. கல்யாணமான நாளிலிருந்து அவரைக் கூப்பிட எனக்கு இருந்த ஒரே வார்த்தை.

“ஏங்க,” என்றேன்.

“ஏங்க,” என்று வந்தது.

அது என் குரல்தான். நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், அது என் குரல்தான். ஆனாலும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் புத்தி திரும்பியது. எதிரொலி வர வேண்டுமென்றால் வெற்றிடம் வேண்டும். ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கிக் குழாயில் போட்டேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். அதன் பிறகு வெகு கீழே தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது.

அறுபதடிக்குக் குறையாது. கிணற்றை யாரும் நிரப்பவில்லை. வாயை மட்டும் எதையோ வைத்து மூடி, மேலே மண் போட்டு, முறைப்படி மூச்சுக்குழாயையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த மூடியின் நடுவில் எங்கள் ராட்டினம் நின்றது.

உடனே அண்ணாச்சி வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. சொன்னால் நாளைக்கே தோண்டுவார்கள், நிரப்புவார்கள், குழாய்க்குள் பதில் சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார். என் மகள் மறுபடி வாயை மூடிக்கொள்வாள். இன்னும் ஒருநாள் பேசட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்தேன். நாளை நாளை என்று ஒன்பது நாள் போனது.

அந்த ஒன்பது நாளும் நான் மனுஷியாக இல்லை. பிள்ளைகள் ராட்டினத்தில் ஏறினால் எத்தனை தலை என்று எண்ணுவேன். மூன்றுக்கு மேல் ஏறினால் சத்தம் போடுவேன். டீச்சர்னா எல்லா இடத்திலயும் டீச்சர்தானா என்று பிள்ளைகள் முணுமுணுத்தன. இரண்டாம் நாள் ராட்டினத்தைச் சங்கிலி போட்டுக் கட்டி, ரிப்பேர் என்று அட்டை தொங்கவிட்டேன். தன் வேலையில் குறையா என்று பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. எண்ணெய்க் கேனோடு வந்து சங்கிலியை அவிழ்த்து, அச்சுக்கு எண்ணெய் விட்டு, தானே ஏறி நின்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். “இப்பப் பாருங்க டீச்சர், பூ மாதிரி சுத்துது,” என்றார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமா பாய், நல்லா இருக்கு என்றேன்.

என் மகள் தினமும் ஆளில்லாத உச்சி வேளையில் குழாயிடம் போனாள். தினமும் கொஞ்சம் கூடுதலாகப் பேசினாள். ஐந்தாம் நாள் இரவுச் சாப்பாட்டில் ஒரு வாய் சோற்றை எடுத்து வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“உப்பு,” என்றாள்.

குழம்பில் உப்புப் போட மறந்திருந்தேன். இரண்டு வருடம் கழித்து என் மகள் என்னிடம் சொன்னது அதுதான். உப்பு டப்பாவை எடுக்கப் போய் அடுக்களையில் நின்று அழுதேன். இதற்குப் பிறகு எந்தத் தாய் போய் அண்ணாச்சி கதவைத் தட்டுவாள் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். மற்ற பிள்ளைகளின் தாய்மாரை நினைத்தால் பதில் தெரிந்திருக்கும். நான் நினைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் திடல் நிறைய ஆட்கள். நான் யாரோடோ பேசித் திரும்புவதற்குள் ராட்டினத்தில் ஆறு பேர் ஏறிவிட்டார்கள். பாயின் மகள்கள் இரண்டு பேரும் அதில் இருந்தார்கள். பெரிய பையன் ஒருவன் ஓடி ஓடிச் சுற்றிவிட்டான். குழாய் ரீங்காரம் இட்டது. வழக்கமான சத்தம் இல்லை, தாழ்ந்த சத்தம். என் மகள் குழாயிலிருந்து காதை எடுத்துப் பின்னால் நகர்ந்து, கூட்டத்துக்கு நடுவே என்னைத் தேடிப் பார்த்தாள். நான் ஓடிப்போய்க் குனிந்தேன். உள்ளே முறத்திலிருந்து அரிசி கொட்டுவது போல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. மண் தண்ணீரில் விழுகிற சத்தம்.

எப்படிக் கத்தினேன் என்று தெரியாது. ராட்டினத்தைக் கையால் பிடித்து நிறுத்தினேன், தோள் பிசகிவிட்டது. ஒவ்வொரு பிள்ளையாக இழுத்து வெளியே தள்ளினேன். “கீழ ஒண்ணுமில்ல, வெறுங்கிணறு,” என்று கத்தினேன். அண்ணாச்சி ஒரு கல்லை எடுத்துக் குழாயில் போட்டார். தண்ணீர்ச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

“எப்பக் கண்டுபிடிச்சீய டீச்சர்?”

“இப்பத்தான் அண்ணாச்சி,” என்றேன். பாயின் மனைவி அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு அந்தக் கையை வெட்டி எறியலாம் போலிருந்தது.

மறுநாள் ராட்டினத்தைப் பெயர்த்துப் புரட்டிப் போட்டுவிட்டுத் தோண்டினார்கள். மூன்றடியில் கல் பலகைகள். அவற்றைத் தாங்கிக் கிணற்றின் குறுக்கே பனந்தடிகள். எல்லாம் இற்றுப்போயிருந்தன. நடுத்தடி ஒன்று ஒடிந்து தொங்கியது. பலகையை ஜேசிபி தூக்கியபோது குளிர்ந்த காற்று மேலே வந்து எல்லோர் முகத்திலும் பட்டது. கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நின்றவர்கள் அவரவர் பிள்ளையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டார்கள். என் மகள் மட்டும் எட்டிப் பார்க்க இழுத்தாள்.

நிரப்பும் வேலை மூன்று வாரம் நடந்தது. முதலில் ஜேசிபி தூர நின்று கல்லும் சரளும் தள்ளியது. கடைசிப் பத்துப் பதினைந்தடியை நகரின் எல்லா வீட்டுக் கையாலும் நிரப்ப வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. தினமும் சாயங்காலம் வேலை நின்றதும் என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கயிற்றருகே வந்து நிற்பாள். கூட்டம் கலைந்த பிறகு அப்பா என்று கூப்பிடுவாள். முதல் நாள் பதில் வெகு தூரத்திலிருந்து வந்தது. அடுத்த வாரம் அவ்வளவு தூரம் இல்லை. அதற்கடுத்த வாரம் கூப்பிட்டு வாய் மூடுவதற்குள் வந்தது. அடி மேலே வர வர எதிரொலி சீக்கிரம் திரும்பும் என்று எனக்குத் தெரியும், பாடமே எடுத்திருக்கிறேன். அவள் முகம் ஒவ்வொரு நாளும் மலர்ந்துகொண்டே வந்தது. எதற்கு மலர்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

கடைசி ஞாயிறு. வீட்டுக்கு இரண்டு பேர் வரிசையாக நின்று சரள் சட்டியைக் கைமாற்றிக்கொண்டிருந்தோம். கிணற்று விளிம்பில் பாய் நின்று வாங்கி வாங்கிக் கொட்டினார். ஓர் ஆள் உயரம்தான் பாக்கி. என் மகள் வரிசையை விட்டு விலகிக் கயிற்றுக்கு அடியில் நுழைந்து பாயின் பக்கத்தில் போய் நின்றாள்.

“மாமா, கொட்டாதீங்க,” என்றாள். “அப்பா மேல வாராங்க.”

நகரில் யாரும் அதுவரை அவள் குரலைக் கேட்டதில்லை. பாய் சட்டியைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். வரிசையில் இருந்த அத்தனை சட்டிகளும் அந்தந்தக் கையிலேயே நின்றன. அண்ணாச்சியின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் மகள் குனிந்து அப்பா என்று கூப்பிட்டாள். பதில் தனியாக வரவில்லை. அவள் குரலோடு சேர்ந்தே இன்னொரு குரலும் சொன்னது போலிருந்தது. எனக்கு மட்டும் இல்லை, அங்கே நின்ற எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது என்று பிறகு சொன்னார்கள். வரிசையின் கடைசியில் ஒருவர் சட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

நான் போய் அவள் முன்னால் மண்டியிட்டேன்.

“அப்பா இங்க இல்லட்டி. அப்பா செத்துப் போயிட்டாங்க. நீ சின்னப் பிள்ளையா இருக்கும்போதே செத்துட்டாங்க. நாந்தான் ஒங்கிட்டச் சொல்லல.”

அவள் அழவில்லை. “தெரியும்,” என்றாள்.

ஒன்றைச் சொன்னதும் இன்னொன்றும் நிற்கவில்லை. நான் எழுந்து அண்ணாச்சியைப் பார்த்தேன். இது வெறுங்கிணறு என்று எனக்கு முன்னாலேயே தெரியும், மண் சரிந்த அன்றைக்கு ஒன்பது நாள் முன்னாலேயே தெரியும் என்று சொன்னேன். ஏன் சொல்லவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பாய் சட்டியைக் கீழே வைத்தார். அவர் குரல் உயரவில்லை.

“நான் எண்ணெ விட்டு ஏறி நின்னு சுத்துனப்ப நீங்க பக்கத்துலதான நின்னீங்க, டீச்சர். எம்புள்ளைங்க ரெண்டும் அதுலதான ஏறுச்சு.”

ஆமா பாய் என்றேன்.

என் மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“நான் பேசணும்னுதான் அம்மா சொல்லாம இருந்தாங்க, மாமா,” என்றாள். “அப்பா சொன்னாங்க.”

நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. செபத்தில்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், பிறகு எல்லோரும் கிணற்றைப் பார்த்தார்கள். பாயின் கண் கலங்கியிருந்தது, கோபத்திலா வேறெதிலா என்று தெரியவில்லை. அவர் குனிந்து சட்டியைத் தூக்கினார். என்னிடம் கேட்கவில்லை, அண்ணாச்சியிடம் கேட்கவில்லை.

“கொட்டட்டுமாம்மா?” என்று அவளிடம் கேட்டார்.

அவள் குழிக்குள் ஒரு தடவை பார்த்தாள். தலையை ஆட்டுவாள் என்று நினைத்தேன். ஆட்டவில்லை.

“கொட்டுங்க மாமா,” என்று வாயைத் திறந்து சொன்னாள்.